செல்மா பாலத்தின் பெயரை மாற்ற வேண்டுமா?

மாண்ட்கோமரிவாசி:
போன வாரம் குடும்பத்தோடு செல்மா போய் வந்தேன். அலபாமாவில் எங்கள் ஊரிலிருந்து 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரப் பயணம். 2020 கணக்கெடுப்பின்படி 18,000 பேருக்குச் சற்றுக் குறைவாகவே வாழ்ந்த சின்ன ஊர். ஆற்றின் மேல் இரும்புப் பாலம், அதன் வளைவில் கொட்டை எழுத்தில் எட்மண்ட் பெட்டஸ் பெயர். பத்து வயது மகள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவர்தான் இங்கே அடி வாங்கியவரா அப்பா?" என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அடி வாங்கியவர்கள் வேறு. 1965 மார்ச் 7 அன்று, கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை கேட்டு சுமார் 600 பேர் இந்தப் பாலத்தில் நடந்தார்கள். மாநிலப் போலீஸ் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் அவர்களைத் தாக்கியது. முன்வரிசையில் நின்ற போராட்டத் தலைவர் ஜான் லூயிஸின் மண்டையோடு உடைந்தது. பெட்டஸ் யார்? அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலப் படையின் தளபதி, பிறகு செனட்டர். கறுப்பின மக்களைத் தாக்கிய வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் அலபாமா தலைவராக இருந்தவர் என்றும் சொல்லப்படுபவர். 1907-ல் இறந்த அவர் பெயரை 1940-ல் தேடி எடுத்து வைத்திருக்கிறார்கள். பாலத்துக்கு லூயிஸ் பெயரை வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

தாமிரபரணி:
உங்கள் வருத்தம் புரிகிறது அண்ணா, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. லூயிஸே இதை விரும்பவில்லை. 2015-ல் அவரும், செல்மாவில் வளர்ந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் டெர்ரி சூவெலும் சேர்ந்து, பெயரை மாற்றக் கூடாது என்று எழுதினார்கள். நல்லதோ கெட்டதோ, வரலாற்றைப் புதுப் பெயருக்குப் பின்னால் மறைக்க வேண்டாம் என்பதே அவர்கள் வாதம். மண்டை உடைந்தவரே சொன்னதை நாம் எப்படித் தாண்டிப் போவது?

பாலத்தில் நடந்திருப்பீர்கள். ஊர்ப்பக்கத்திலிருந்து போனால் சாலை மேடாக ஏறும். எதிர்க்கரை கண்ணுக்கே தெரியாது. உச்சிக்கு வந்த பிறகுதான் கீழே வரிசையாக நின்ற போலீஸை அவர்கள் பார்த்தார்கள். பார்த்தும் திரும்பவில்லை. தலைக்கு மேல் பெட்டஸ் பெயர் இருந்தபோதுதான் அதன் அடியில் நடந்தார்கள். அந்தப் பெயரை எடுத்துவிட்டால் எதை எதிர்த்து நடந்தார்கள் என்பதில் பாதி போய்விடும்.

மாண்ட்கோமரிவாசி:
லூயிஸ் அப்படி எழுதியது எனக்கும் தெரியும் தங்கச்சி. பெருந்தன்மையான மனிதர், தன் பெயரை வைக்கச் சொல்லித் தானே கேட்டிருக்க மாட்டார். அதையே நாம் காரணமாகப் பிடித்துக்கொள்வது நியாயமா?

இன்னொன்றையும் பாருங்கள். 2000-ல் அந்த ஊருக்கு முதல் கறுப்பின மேயர் ஜேம்ஸ் பெர்கின்ஸ் பதவிக்கு வந்தார். அடுத்த சில நாட்களிலேயே கிளானின் முதல் தலைவன் நேதன் ஃபாரஸ்டின் மார்பளவுச் சிலையை ஒரு அருங்காட்சியக வளாகத்தில் நிறுவினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அது லைவ் ஓக் இடுகாட்டுக்குப் போனது. 2012-ல் திருடு போனது, 2015-ல் புதிதாக ஒன்று வைத்தார்கள். இதை வரலாற்று நினைவு என்று எப்படிச் சொல்வது? 'நாங்கள் இன்னும் இருக்கிறோம்' என்று பயமுறுத்துவதுதானே? பாலத்தின் பெயரும் எனக்கு அப்படித்தான் படுகிறது.

தாமிரபரணி:
சிலை விஷயத்தில் முழுக்க உங்கள் பக்கம். அதற்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் 2000-ல் கொண்டுவந்து வைத்தது அது. பாலத்தின் பெயரை அதோடு சேர்க்காதீர்கள். இன்று உலகத்தில் யாராவது பெட்டஸ் பாலம் என்றால் பெட்டஸையா நினைக்கிறார்கள்? அந்தப் பெயரை நடந்தவர்கள் அவரிடமிருந்து பறித்துக்கொண்டுவிட்டார்கள்.

செங்கல்சூளை:
இருவரும் பெயரைப் பற்றியே பேசுகிறீர்கள். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால் என் கவலை வேறு. சட்டப்படி பெயரை மாற்றுவதும் லேசில்லை. 40 வருஷத்துக்கு மேற்பட்ட நினைவுச்சின்னங்களைத் தொடக் கூடாது என்று அலபாமா 2017-ல் சட்டம் போட்டது. மீறினால் 25,000 டாலர் அபராதம். 2022-ல் இரும்பில் உள்ள எழுத்தைத் தொடாமல், நடந்த சாதாரண மக்களை நினைவுகூரும் பெயரையும் சேர்க்க ஒரு மசோதா வந்தது. மாநில செனட்டில் நிறைவேறியும் சட்டமாகவில்லை.

அதற்குள் கட்டடங்கள் என்ன ஆகின்றன? பேரணிகள் புறப்பட்ட பிரவுன் சேப்பல் தேவாலயம் 1908-ல் கட்டியது. அதன் மரத்தைக் கரையான் அரித்துவிட்டது. 2022-ல் அமெரிக்காவில் அழியும் ஆபத்தில் உள்ள 11 வரலாற்று இடங்களின் பட்டியலில் அது வந்தது. கரையான் அரித்த உத்தரத்தை நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். வெளியே பெயின்ட் பளபளக்கும், விரலால் அழுத்தினால் பொலபொலவென உதிரும். 2023 ஜனவரி 12 அன்று சூறாவளி வேறு ஊரைப் புரட்டிப் போட்டது.

அப்புறம் ஜாக்சன் வீடு. பல் மருத்துவர் சல்லிவன் ஜாக்சனின் வீடு அது. மார்ட்டின் லூதர் கிங் தங்கிப் பேரணிகளைத் திட்டமிட்டதும், வாக்குரிமைச் சட்டம் வேண்டும் என்று ஜனாதிபதி ஜான்சன் பேசியதைத் தொலைக்காட்சியில் பார்த்ததும் அங்கேதான். அதை ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் வாங்கி, பிரித்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி மிச்சிகனுக்குக் கொண்டுபோய்விட்டது.

மாண்ட்கோமரிவாசி:
அந்த வீடு போனதில் எனக்கு மனசே ஆறவில்லை. செல்மாவை எடுத்துவிட்டு அந்த வீட்டைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? அந்தத் தெருவில் இருந்ததால்தானே அது அந்த வீடு?

செங்கல்சூளை:
கொடுத்தது அந்தக் குடும்பத்தின் மகள்தான் அண்ணே. தனக்குப் பிறகும் வீடு நிலைத்திருக்க வேண்டும் என்று நினைத்தார். வருஷா வருஷம் கூரை மாற்றவும் ஈரம் தடுக்கவும் பணத்துக்கு எங்கே போவது? இடிந்து விழுவதைவிட இடம் மாறுவது மேல் என்பேன்.

தாமிரபரணி:
இதில் நான் அண்ணன் பக்கம். அங்கே பராமரிக்கப் பணம் இருக்கிறது, சரி. அந்தப் பணத்தைச் செல்மாவுக்கே அனுப்பியிருக்கலாமே? கிங் வந்து தங்கிய வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் அந்த ஊரில்தானே சாப்பிட்டிருப்பார்கள், ஒரு இரவு தங்கியிருப்பார்கள்? ஏழை ஊருக்கு அதுவும் போயிற்று.

மாண்ட்கோமரிவாசி:
ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போனோம் தங்கச்சி. பெயர் விஷயத்தில் நான் மாறவில்லை. அடுத்த மார்ச்சில் நினைவு நடைக்கு மகளோடு மறுபடியும் போகிறேன். உச்சியில் அவளை நிறுத்தி, நீங்கள் சொன்னதையும் சொல்கிறேன், நான் நினைப்பதையும் சொல்கிறேன். செங்கல்சூளை தம்பி, பிரவுன் சேப்பல் பழுதுபார்ப்புக்கு நேரடியாக நன்கொடை கொடுக்க வழி தெரிந்தால் இங்கே போடுங்கள்.