இரண்டு திரை, ஒரு மடிக்கணினி: எக்ஸ் 11-ஐ விட்டுவிடத்தான் வேண்டுமா?

தேன்சிட்டு:
மடிக்கணினித் திரை 14 அங்குலம், 2880×1800. புதிதாக வாங்கிய மானிட்டர் 24 அங்குலம், 1920×1080. இயங்குதளம் டெபியன் 12 (லினக்ஸ்), டெஸ்க்டாப் குனோம், இன்டெல் கிராஃபிக்ஸ். எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் படம் வந்துவிட்டது, அதில் குறையில்லை. சிக்கல் எழுத்தின் அளவில்தான். அளவை 200 விழுக்காடு வைத்தால் மடிக்கணினியில் படிக்க இதமாக இருக்கிறது, மானிட்டரிலோ ஒரு மின்னஞ்சல் சாளரமே பாதித் திரையை அடைத்துக்கொள்கிறது. 100-க்கு இறக்கினால் மானிட்டர் சரியாகிறது, மடிக்கணினியில் மெனுவைப் படிக்கக் கண்ணை இடுக்க வேண்டியிருக்கிறது. இப்போது ஓடுவது எக்ஸ் 11 அமர்வு, அதாவது சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய முறை. அதற்கு மாற்றாக வந்த வேலேண்டுக்கு மாறச் சொல்கிறார் ஒரு நண்பர். அந்தப் பக்கமே போகாதே என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

நள்ளிரவுக் கணினி:
முதல் நண்பர் பேச்சை. உங்கள் மடிக்கணினியில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 242 புள்ளிகள், மானிட்டரில் 92. எக்ஸ் 11-இல் இரண்டு திரையும் சேர்ந்து ஒரே பெரிய பலகை. குனோம் அந்தப் பலகை முழுவதற்கும் ஒரே அளவைத்தான் வைக்கும். வேலேண்டில் திரைக்குத் திரை தனி அளவு. வெளியேறிவிட்டு, உள்நுழையும்போது உங்கள் பெயரைச் சொடுக்குங்கள். கீழே வலது மூலையில் ஒரு பற்சக்கரம் தெரியும். அதில் 'குனோம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், 'குனோம் ஆன் எக்ஸார்க்' வேண்டாம், அது எக்ஸ் 11. பிறகு அமைப்புகளில் மடிக்கணினிக்கு 200, மானிட்டருக்கு 100. அவ்வளவுதான், வேலை முடிந்தது.

பழைய முனையம்:
ஃபெடோரா 25 என்ற லினக்ஸ் பதிப்பு வேலேண்டை இயல்பு அமர்வாக்கியது 2016-இல். அன்றிலிருந்து "வேலை முடிந்தது" என்று கேட்டுக்கேட்டுக் காது புளித்துவிட்டது.

தேன்சிட்டு அவர்களே, எக்ஸ் 11-இலும் வழி உண்டு. குனோம் அளவை 200-இல் வைத்துக்கொண்டு, திரைகளை அமைக்கும் எக்ஸ்ராண்டர் கட்டளையில் மானிட்டருக்கு மட்டும் ஸ்கேல் 2×2 கொடுங்கள். ஒரே வரி. க்யூடி என்ற கருவித்தொகுப்பில் எழுதிய நிரல்கள் எக்ஸ் 11-இலேயே ஒவ்வொரு திரைக்கும் வேறு வேறு அளவில் வரைய வல்லவை. தடுமாறுவது குனோம் நிரல்களின் கருவித்தொகுப்பான ஜிடிகே. பழி மட்டும் எக்ஸ் 11 மீது.

நள்ளிரவுக் கணினி:
அந்த ஒரு வரி உள்ளே என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். மானிட்டருக்கான படத்தை 3840×2160-இல் வரைந்து, அதை 1920×1080-க்குள் சுருக்குகிறது. தேவைக்கு நான்கு மடங்கு புள்ளிகளை வரைந்து முக்கால் பங்கை வீசி எறிகிறோம். பலன், சிறிய எழுத்தின் ஓரமெல்லாம் மசமசப்பு. க்யூடி வரையும் என்கிறீர்கள், சரி. தேன்சிட்டு ஓட்டுவது குனோம். கோப்பு மேலாளர் முதல் அமைப்புகள் வரை எல்லாம் ஜிடிகே. யாரிடம் முறையிடுவது?

மழைக்காலம்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் மானிட்டர் டாக் (ஒரே துளையில் பல கருவிகளை இணைக்கும் பெட்டி) வழியாக வருகிறது. எக்ஸ் 11, வேலேண்ட் எதில் நுழைந்தாலும் இருட்டுதான்.

கம்பிச்சுருள்:
இங்கே பாதிச் சண்டை கேபிளோடு முடிந்திருக்க வேண்டியது. மழைக்காலம், உங்கள் டாக் எந்த வகை என்று முதலில் பாருங்கள். யுஎஸ்பி-சி வழியே டிஸ்ப்ளேபோர்ட் சைகையை நேரடியாக அனுப்பும் வகைக்குத் தனி இயக்கி தேவையில்லை. ஆனால் மடிக்கணினியின் அந்தத் துளை படம் அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும். எல்லா யுஎஸ்பி-சி துளையும் அப்படியல்ல. சில, தரவுக்கும் மின்னேற்றத்துக்கும் மட்டும். டாக் மீது 'டிஸ்ப்ளேலிங்க்' என்று இருந்தால் அது வேறு கதை: படத்தைச் சுருக்கி யுஎஸ்பி தரவாக அனுப்புவது அது. அந்நிறுவனத்தின் மூடிய இயக்கியும் கர்னலில் (இயங்குதளத்தின் மையத்தில்) ஏறும் ஈவிடிஐ என்ற கூறும் வேண்டும். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு) இயங்கிக்கொண்டிருந்தால், கையொப்பம் இல்லாத அந்தக் கூறைக் கர்னல் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். பெரும்பாலும் இருட்டுக்குக் காரணம் அங்கேதான் இருக்கும்.

என்விடியா இருக்கும் மடிக்கணினிக்காரர்களுக்கும் ஒன்று. பல மாடல்களில் எச்டிஎம்ஐ துளை நேராக என்விடியா சில்லோடு இணைக்கப்பட்டிருக்கும். அதன் இயக்கி சரியாக ஏறாவிட்டால் மடிக்கணினித் திரை ஜம்மென்று ஓடும், வெளித் திரை மட்டும் வராது.

பழைய முனையம்:
கம்பிச்சுருள் சொன்னது பயனுள்ளது. நான் விட்ட இடத்துக்கு வருகிறேன். காலையில் கணினியைத் திறந்ததும் என் ஸ்கிரிப்ட் ஒன்று ஓடும்: எடிட்டர் இடது திரைக்கு, முனையம் வலது திரையின் மேல் பாதிக்கு, பதிவுக் கோப்பு அதன் கீழே. சாளரங்களை நகர்த்தும் எக்ஸ் 11 கருவிகளான டபிள்யூஎம்சிடிஆர்எல், எக்ஸ்டூடூல் இரண்டையும் வைத்து எழுதியது. வேலேண்டில் ஒரு நிரல் தன் சாளரத்தை எங்கே வைப்பது என்று தானே சொல்லக்கூட உரிமை இல்லை. இரண்டு திரை வாங்குவதே அதது அதனதன் இடத்தில் இருப்பதற்காகத்தானே?

நள்ளிரவுக் கணினி:
அந்த உரிமையோடு சேர்ந்து வருவதையும் பாருங்கள். எக்ஸ் 11-இல் எந்த நிரலும் நீங்கள் அடுத்த சாளரத்தில் தட்டும் கடவுச்சொல்லை ஒட்டுக்கேட்கலாம், முழுத் திரையையும் படமெடுக்கலாம். வேலேண்டில் கூட்டத்தில் திரையைப் பகிரும்போது எந்த மானிட்டர் என்று கேட்ட பிறகே படம் போகும். வலப்பக்க மானிட்டரில் சம்பளப் பட்டியல் திறந்து கிடக்கும் நாளில் அந்தக் கேள்வி யாருக்கும் எரிச்சல் தராது.

சாளரத்தை இடம் பார்த்து வைக்க, குனோம் போன்ற இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஇ-யில் சாளர விதிகள் உண்டு. ஸ்வே என்ற சாளர மேலாளரில் அமைப்புக் கோப்பிலேயே எழுதிவிடலாம்.

பழைய முனையம்:
குனோமில்? நீட்சி தேட வேண்டும், அடுத்த பதிப்பில் அது உடையும். திரை அளவுக்காகத் தொடங்கிய பேச்சு, டெஸ்க்டாப்பையே மாற்று என்பதில் வந்து நிற்கிறது.

நள்ளிரவுக் கணினி:
மாற்றுவது நானல்ல. 2025 செப்டம்பரில் வந்த குனோம் 49-இல் எக்ஸ் 11 அமர்வு இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கிறது. கேடிஇயும் தன் டெஸ்க்டாப்பான பிளாஸ்மாவின் 6.8 பதிப்பில் அதைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது. உங்கள் ஸ்கிரிப்ட்டை இன்றே புதிதாக எழுதிப் பழகுங்கள்.

பழைய முனையம்:
எக்ஸ் 11-இல் ஓடும் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் இருக்கிறது. டெபியன் 13 இருக்கிறது. அவசரம் உங்களுக்கு.

தேன்சிட்டு:
இருவருக்கும் நன்றி. வேலேண்டில் நுழைந்து 200, 100 என்று வைத்தேன். கோப்பு மேலாளரை ஒரு திரையிலிருந்து மற்றதற்கு இழுத்தால் எல்லையைத் தாண்டியதும் சட்டென்று அளவு மாறித் தெளிவாக நிற்கிறது. ஆனால் ஜாவாவில் எழுதிய பழைய கணக்கு நிரல் ஒன்று உண்டு. அது மடிக்கணினித் திரையில் மட்டும் பனி மூடியதுபோல் தெரிகிறது.

கம்பிச்சுருள்:
அது, எக்ஸ் 11 நிரல்களை வேலேண்டில் ஓட்டும் எக்ஸ்வேலேண்ட் வழியே ஓடுகிறது. 100-இல் வரைந்ததை 200-க்கு இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது. குனோம் 47 முதல் இதற்குச் சோதனை நிலையில் ஒரு தீர்வு உண்டு. டெபியன் 13-இல் இருப்பது குனோம் 48. டெபியன் 12-இல் இருப்பது 43, அதில் கிடையாது.

பழைய முனையம்:
ஆக, கணக்கு நிரல் மானிட்டரை விட்டு நகரக்கூடாது. திரைக்குத் திரை சுதந்திரம்!

தேன்சிட்டு:
இப்போதைக்கு மானிட்டரிலேயே இருக்கட்டும், ஐயா. கணக்குப் பார்ப்பது மேசையில் உட்கார்ந்துதான். மாதக் கணக்கை முடித்துவிட்டு டெபியன் 13-க்கு மாற்றுகிறேன். பழைய முனையம், உங்கள் ஸ்கிரிப்ட்டை இங்கே இட முடியுமா? கேடிஇ சாளர விதிகளில் அதையே அமைத்துப் பார்க்க வேண்டும்.