அடுத்தவர் வலையை அறுத்தது பிழையா? சரி பிழை சூழ்நிலையைப் பொறுத்ததா?

உப்புவெளியான்:
எங்கள் வாசிகசாலையில் இரண்டு கிழமையாக இழுபடுகிற வாதம். இரண்டு சம்பவங்கள், இரண்டும் வாதத்துக்காகச் சோடித்தவை.

ஒன்று: வாடைக்காலம், இரவு. பதினெட்டு அடி பைபர் படகு, இரண்டு பேர். வேறொருவர் போட்டிருந்த வலையில் எஞ்சின் விசிறி சிக்கிவிட்டது. காற்று எழும்புகிறது, படகு பாறைப் பக்கம் இழுபடுகிறது. வலையை அறுத்துவிட்டுக் கரைக்கு வந்துவிட்டார்கள்.

மற்றது: ஒருவர் டைனமைட் போட்டு மீன் பிடிக்கிறார். கேட்டால் கடன், பிள்ளைகள் பட்டினி என்கிறார்.

ஒரு கட்சி, நேரத்துக்கு நேரம் மாறினால் அது நியாயமே இல்லை என்கிறது. மற்றக் கட்சி, ஆளையும் இடத்தையும் பாராமல் தீர்ப்புச் சொல்பவனுக்கு ஈரமே இல்லை என்கிறது. முதலாமவரை விட்டால் இரண்டாமவரையும் விடத்தானே வேணும்?

ஏட்டுச்சுரைக்காய்:
உங்கள் முதலாவது சம்பவம் சோடித்தது இல்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னமே ரோமாபுரியில் கதைத்தாகிவிட்டது. ஜஸ்டினியன் பேரரசர் கி.பி. 533 இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பில், 9 ஆம் நூலின் 2 ஆம் தலைப்பில் லபேயோ என்ற சட்ட அறிஞரின் கருத்து இருக்கிறது. காற்று ஒரு கப்பலை இன்னொன்றின் நங்கூரக் கயிறுகளில் கொண்டுபோய்ச் சிக்கவைக்கிறது. அறுப்பதைத் தவிர விடுபட வேறு வழியே இல்லை என்றால் அறுத்தவர்கள் மீது வழக்கில்லை. மீன்பிடி வலையில் படகு சிக்கினாலும் அதே முடிவு என்று கையோடு சொல்லியும் இருக்கிறது. சிக்கியதே மாலுமிகளின் கவனக்குறைவால் என்றால் மட்டும் அக்குவீலியச் சட்டத்தின்படி, அதாவது அடுத்தவர் பொருளுக்குச் செய்த சேதத்துக்கு ஈடு கேட்கிற பழைய ரோமச் சட்டத்தின்படி, வழக்குப் போடலாம். இலங்கையில் ரோமன் டச்சுச் சட்டம் இருக்கிறபடியால் அந்த அக்குவீலியச் சட்டம்தான் இன்றைக்கும் நட்டஈட்டு வழக்குகளின் அடித்தளம்.

குற்றவியலில் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 74 ஆம் பிரிவு. தீங்கு வரும் என்று தெரிந்தே செய்தாலும், குற்ற எண்ணமில்லாமல், நல்லெண்ணத்தோடு, வேறொரு தீங்கைத் தடுக்கச் செய்திருந்தால், அந்த ஒரு காரணத்துக்காக அது குற்றமாகாது. அதற்குக் கொடுத்த உதாரணமும் கடல்தான்: தன் பிழை ஏதுமில்லாமல், இருபது முப்பது பேர் இருக்கிற படகில் மோதப்போகும் கப்பல் தலைவன், இரண்டு பேர் மட்டும் இருக்கிற படகில் மோதக்கூடும் என்று தெரிந்தும் திசையைத் திருப்புகிறான்.

இதற்கு ஒரு எல்லை உண்டு. 1884 இல் மிக்னொனெட் என்ற ஆங்கிலேயப் பாய்க்கப்பல் தென் அத்திலாந்திக்கில் மூழ்கி, நான்கு பேர் சின்னப் படகில் மிதந்தார்கள். மூன்று கிழமை ஆகுமுன், சாகக் கிடந்த 17 வயதுப் பையனைத் தலைவன் கொன்றான். மிச்சம் மூன்று பேரும் அந்த உடலைத் தின்று தப்பினார்கள். கொலைக்கு அவசியம் என்ற சாட்டு எடுபடாது என்று நீதிமன்றம் சொல்லி, இரண்டு பேருக்கு மரண தண்டனை விதித்தது. பிறகு அது ஆறு மாதச் சிறையாகக் குறைந்தது.

அந்த ஆறு மாதத்தைக் கவனியுங்கள். செய்தது பிழை என்ற தீர்ப்பு அசையவில்லை, செய்தவன் மேல் வைக்கிற பழிதான் இறங்கியது. உங்கள் வாசிகசாலைச் சண்டையில் பாதி, இந்த இரண்டையும் ஒரே கடகத்தில் போட்டதால் வந்தது.

கிண்ணியா வாசகன்:
இதற்கு மூன்றாவது ஒன்றும் இருக்கு: நட்டத்தை யார் சுமப்பது.

"நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும்" (அனுமதிக்கப்பட்டதாக்கும்) என்ற இஸ்லாமியச் சட்டவிதியை எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அதோடு சேர்ந்து வருகிற இரண்டை வசதியாக மறந்துவிடுவார்கள். நிர்ப்பந்தம் எவ்வளவோ, சலுகையும் அவ்வளவுதான். அடுத்தது, நிர்ப்பந்தம் அடுத்தவரின் உரிமையை அழிக்காது. அல்குர்ஆன் 2:173 இல் செத்த பிராணியையும் பன்றி இறைச்சியையும் விலக்கிய அதே வசனத்தில்தான் நிர்ப்பந்திக்கப்பட்டவர் மீது குற்றமில்லை என்றும் வருகிறது. ஆனால் விரும்பியும் செய்யக்கூடாது, வரம்பும் மீறக்கூடாது. பசியில் சாகப்போகிறவர் உயிர் தரிக்கிற அளவு மட்டும் உண்ணலாமா, வயிறு நிறையவா என்பதில் மத்ஹபுகளிடையே, அதாவது இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளிடையே, வேறுபாடு உண்டு. அடுத்தவரின் உணவை எடுத்து உண்டால் பின்னால் அதன் பெறுமதியைக் கொடுக்க வேணும் என்பது பெரும்பாலான இமாம்களின் முடிவு.

ஆகவே வலையை அறுத்ததில் பாவமில்லை. வலைக்காசு கொடுக்காவிட்டால் அது கடன். லபேயோவோடு நான் உடன்படவில்லை.

ஏட்டுச்சுரைக்காய்:
கிண்ணியா நானாவுக்கு அமெரிக்காவில் ஒரு துணை இருக்கு. 1905 நவம்பரில் சரக்கு இறக்கி முடித்த ஒரு நீராவிக்கப்பல் புயலுக்குப் பயந்து இறங்குதுறையிலேயே கட்டிக்கிடந்தது. அறுந்த கயிறுகளை மாற்றி மாற்றிக் கட்டினார்கள். அலையில் கப்பல் அடித்து அடித்துத் துறை சேதமானது. மினசோட்டா உயர் நீதிமன்றம் 1910 இல், கட்டிவைத்தது புத்திசாலித்தனம், கவனக்குறைவே இல்லை, ஆனாலும் 500 டொலர் கொடு என்றது.

கொட்பே 15:
"வேறு வழியில்லை" என்ற சொல்லை எல்லாரும் அப்படியே விழுங்கிவிட்டீர்கள். வழி இருந்ததா என்று பாராமல் நியாயம் கதைக்க ஏலாது.

விசிறியில் வலை சுற்றினால் முதல் வேலை நங்கூரம். படகு பாறைக்குப் போகாமல் நின்றாலே அவசரத்தில் முக்கால்வாசி போச்சு. ஆழம் கூடி நங்கூரம் பிடிக்காவிட்டால்தான் மற்றக் கதை. அடுத்து எஞ்சினை நிப்பாட்டி, நிப்பாட்டுகிற கயிற்றையும் கழற்றி எடுக்க வேணும். இருட்டில் ஒருவர் விசிறியைப் பிடித்திருக்க மற்றவர் இழுத்து ஸ்டார்ட் பண்ணினால் விரல் போகும். ரிவர்ஸ் போட்டு முறுக்குகிறவர்கள்தான் கூட. அது வலையை இன்னும் இறுக்கும், நைலோன் நூல் விசிறிக்குப் பின்னால் ஏறி எண்ணெய் கசியாமல் அடைக்கிற ஒயில் சீல் வளையத்தையும் வெட்டும். எஞ்சினைத் தூக்கி வைத்து, விசிறியைச் சுற்றினதற்கு எதிர்ப்பக்கம் கையால் திருப்பிக் கழற்ற வேணும். வராத கண்ணியை மட்டும் கத்தியால் வெட்டலாம். அது ஓட்டை. பொத்திக் கட்டலாம்.

மிதவை கோத்த மேல்கயிற்றையும் ஈயக் கயிற்றையும் வெட்டினால் அது வேறு கணக்கு. வலை துண்டாகி அடித்துக்கொண்டு போகும், ஆளில்லாமல் மாதக்கணக்கில் மீனையும் ஆமையையும் கொன்றுகொண்டே கிடக்கும். வெட்டத்தான் வேணுமென்றால் வெட்டின இரண்டு முனையிலும் ஒவ்வொரு வெறும் கேனைக் கட்டிவிட வேணும், ஜீபீஎஸ்ஸில் இடத்தைக் குறிக்க வேணும், விடிந்ததும் வலைக்காரரின் வாடிக்குப் போய்ச் சொல்ல வேணும். நானா சொன்ன "அளவு" கடலில் இதுதான்.

டைனமைட்டுக்காரருக்கு என்னத்துக்கு இவ்வளவு யோசனை? "ஈன்றாள் பசிகாண்பான் ஆயினும்" என்று வள்ளுவரே முடித்துவிட்டார்.

பொருட்பால்:
அண்ணை, அந்த 656 ஆம் குறளை அவ்வளவு லேசாகத் தூக்கி எறிய முடியாது. பெற்ற தாயின் பசியைக் காண நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கும் வினையைச் செய்யாதே என்பது சரி. ஆனால் அது வினைத்தூய்மை அதிகாரத்தில், அமைச்சியலில் நிற்கிறது. பரிமேலழகர் என்ன எழுதுகிறார் என்று பாருங்கள்: முதிய பெற்றோரும் மனைவியும் குழந்தையும் பசியால் வருந்தினால் தீயன பலவும் செய்தாவது காப்பாற்று என்பது அறநூல்களின் பொதுவிதி, அமைச்சருக்கு அது பொருந்தாது என்பதால் வள்ளுவர் இப்படிச் சொன்னார் என்கிறார். அவர் உரைப்படி பார்த்தால் பட்டினிக் குடும்பத்துக்காரருக்குச் சலுகை இருக்கிறது, பதவியில் இருப்பவருக்குத்தான் இல்லை. எனக்கு இந்த உரை முழுச் சம்மதமில்லை, குறளில் அமைச்சர் என்ற சொல்லே கிடையாது. ஆனாலும் தெரிந்துகொண்டு எறிய வேணும்.

சூழ்நிலைக் கட்சிக்காரர் 292 ஐத் தூக்குவார்கள்: "பொய்மையும் வாய்மை யிடத்த". அடுத்த சொல்லோடு வாசிக்கச் சொல்லுங்கள். "புரைதீர்ந்த நன்மை", அதாவது குற்றம் நீங்கிய நன்மை. ஒருவருக்கு நன்மையும் இன்னொருவருக்குக் கேடுமாக இருந்தால் புரை தீரவில்லை.

உப்புவெளியான்:
அப்ப டைனமைட்டுக்காரர் தப்பிவிடுவாரா? பரிமேலழகரே பாஸ் கொடுத்துவிட்டாரே.

கொட்பே 15:
பொருட்பால் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சலுகை பசியைத் தீர்க்கிற வேலைக்குத்தானே? வெடி அதிர்ச்சியில் மீனின் காற்றுப்பை கிழியும். பை கிழிந்த மீன் மிதக்காது, கனக்க மீன் அடியில் தாண்டுபோகும். அள்ளுவது மேலே வந்த பங்கை மட்டும். முருகைக்கல் (பவளப்பாறை) நொறுங்கிச் சல்லியாகும். சல்லி அலைக்கு உருண்டுகொண்டே இருப்பதால் புது முருகைக்கல் ஒட்டி வளராது. திருகோணமலைப் புறாமலைத் தீவுப் பக்கத்து முருகைக்கற்பார் ஒன்று அப்படிப் போனால் அங்கே தூண்டில் போடுகிறவரின் பிள்ளைக்கும் பசிதான். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் வெடியை மட்டுமில்லை, வெடி போட்டுப் பிடித்த மீனை விற்பதையும் தடுக்கிறது. சந்தையில் பாரை மீனைக் கீறும்போது பாருங்கள்: வயிற்றுக்குள் இரத்தம் கட்டி, முள் முறிந்து, சதை முள்ளை விட்டுக் கழன்று வந்தால் அது வெடி மீன்.

கிண்ணியா வாசகன்:
ஒரு இரவு பாறையில் மோதப்போன ஆபத்து வேறு, வருடக்கணக்கான தொழில் வேறு. தினமும் வருகிற நிர்ப்பந்தத்துக்குக் கடன் தவணையை மாற்றுவது, கூலிக்கு வேறு படகில் போவது, சகாத் (வசதியுள்ளவர் கொடுக்கிற கட்டாயத் தருமம்) கேட்பது என்று ஹலாலான வழி இருக்கு. இருக்கும்வரை நிர்ப்பந்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒரு சந்தேகம், கொட்பே 15 தான் சொல்ல வேணும். வலைக்காரர் முனையில் விளக்குக் கட்டியிருந்தாரா? கட்டாவிட்டால் முழுக்காசும் கேட்க அவருக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

கொட்பே 15:
இரண்டு முனையிலும் எரிய வேணும். ஒன்றில் மட்டும் எரிந்தால் வலை எந்தப் பக்கம் போகிறது என்று வருகிறவருக்குத் தெரியாது. விளக்கே இல்லையென்றால் பாதிக்குப் பாதி.

உப்புவெளியான்:
சம்பவத்தைச் சோடிக்கும்போது விளக்கைப் பற்றி நாங்கள் ஒருவரும் யோசிக்கவேயில்லை. நங்கூரத்தைப் பற்றியும்தான். ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கூடுகிறோம், இரண்டையும் சேர்த்து எழுதிக்கொண்டு போகிறேன்.