பழைய ரியர் வீல் டிரைவ் கார் வாங்கலாமா? ஹெரால்டு, 118 என்.இ., கான்டெஸா: எது?

பெருங்குடி பிரேக்:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறவன், எழுதுவது இப்போதுதான்.

சில வருடம் முன்பு வேலை விஷயமாக இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் இருந்தேன். கூட வேலை பார்த்த ஒருவர் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியைக் கையில் கொடுத்து ஓட்டச் சொன்னார். வேகம் பிரமாதம் இல்லை, பின்னால் வந்த டெலிவரி வேன்கூட முந்திக்கொண்டு போனது. ஆனால் வளைவில் திரும்பிக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் முதுகுக்குப் பின்னாலிருந்து கார் தள்ளியது பாருங்கள், அதை இன்னும் மறக்க முடியவில்லை. அது பின்சக்கரம் தள்ளுகிற ரியர் வீல் டிரைவ். இப்போது ஓட்டுவது முன்சக்கரம் இழுக்கிற ஹேட்ச்பேக். நல்ல கார். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் குறை.

மாஸ்டா மியாட்டா மாதிரி பின்சக்கரம் தள்ளுகிற பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரலாமா என்று விசாரித்தேன். அந்த வயதுக் காரை எல்லாம் இறக்க விட மாட்டார்கள். புதிதாக இறக்கினால் என்ன வரி என்று கேட்டதும் ஆசை அடங்கிவிட்டது. ஆகவே இங்கேயே கிடைப்பதில் மூன்று பார்த்து வைத்திருக்கிறேன்: அம்பத்தூரில் ஒரு ஹிந்துஸ்தான் கான்டெஸா, மடிப்பாக்கத்தில் ஒரு பிரீமியர் 118 என்.இ., திருவான்மியூரில் ஒரு வீட்டு போர்ட்டிகோவில் மெட்ராஸ் ஸ்டேட் காலத்து எம்.எஸ். நம்பர் பிளேட்டோடு ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு.

ஆபீஸுக்கு எடுத்துப் போகப் போவதில்லை. ஞாயிறு காலை ஈ.சி.ஆர்., எப்போதாவது ஒரு மலை, அவ்வளவுதான். அடுக்குமாடியில் கூரை போட்ட பார்க்கிங் ஒன்று இருக்கிறது. வீட்டு அம்மணி போட்ட ஒரே நிபந்தனை, நடுரோட்டில் இறங்கித் தள்ளச் சொல்லக் கூடாது. எதை வாங்கலாம், வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஓ.எம்.ஆர். ஓடி:

மூன்றையும் விடுங்க. பழைய பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ், ஈ90, ஆறு சிலிண்டர் பெட்ரோல் ஒன்று தேடுங்க. பின்சக்கர டிரைவ், ஏ.சி. இருக்கும், ஏ.பி.எஸ். இருக்கும், ஏர்பேக் இருக்கும். சென்னைக்குப் பக்கத்தில் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கும் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலையில் 2007-இல் முதலில் செய்த காரே 3 சீரிஸ்தான், அதனால் அதுவும் நம்ம ஊர் கார் என்றே வைத்துக்கொள்ளலாம். ஐம்பது வருடப் பழைய தகரத்தை வைத்துக்கொண்டு பார்ட்ஸ் தேடிப் புதுப்பேட்டையில் அலைய வேண்டுமா?

சோழவரம் பார்வையாளர்:

தம்பி, உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. கோவென்ட்ரியில் நீங்கள் ஓட்டியது ஹெரால்டின் தங்கை. ஹெரால்டு இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் பெயரில் 1959-இல் வந்தது. அதன் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கி, முன் சஸ்பென்ஷனையும் ஸ்டியரிங்கையும் அப்படியே எடுத்து 1962-இல் ஸ்பிட்ஃபயர் செய்தார்கள். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் ஒரே ஆள், இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி. அந்த ஹெரால்டை 1961 முதல் ஸ்டாண்டர்ட் பெயரில் நம்ம வண்டலூர் பக்கம் செய்தார்கள். நான்கு கதவு வைத்த ஹெரால்டு இங்கிலாந்தில்கூடக் கிடையாது, இங்கே மட்டும்தான்.

கான்டெஸாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1.8 லிட்டர் இசுஸு என்ஜின், ஐந்து கியர், திருச்சிக்குக் குடும்பத்தோடு போக அருமையான சோபா. வளைவில் திருப்பினால் யோசித்துவிட்டுத் திரும்பும். 118 என்.இ. வேறு ரகம். ஃபியட் 124-இன் உடம்பு, 1171 சி.சி. நிசான் என்ஜின், தரையில் கியர். மூன்றில் புத்திசாலித்தனமான தேர்வு அதுதான். பார்ட்ஸ் கிடைக்கும், ஹைவேயில் மூச்சு வாங்காது. ஆனால் நீங்கள் கேட்டது புத்திசாலித்தனத்தை இல்லையே.

ஓ.எம்.ஆர். ஓடி சொல்கிற காரைக் குறை சொல்ல மாட்டேன், ஸ்டியரிங் அற்புதம். ஆனால் அந்தக் காருக்கு உற்சாகம் பிறக்கும் வேகத்தில் ஈ.சி.ஆரில் முதலில் கேமரா வரும், அப்புறம் மாடு வரும். ஹெரால்டுக்கு 948 சி.சி., சுமார் 35 குதிரைசக்தி, ஒல்லி டயர். நாற்பது கிலோமீட்டர் வேகத்திலேயே கார் என்ன செய்கிறது என்று முழுசாகத் தெரியும். முன்சக்கரத்துக்குத் திருப்புகிற வேலை மட்டும்தான், இழுக்கிற வேலை பின்னால் போய்விட்டது. அதனால் ரோட்டில் இருக்கிற சின்னக் கல்கூட உள்ளங்கைக்குத் தெரியும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மயிலாப்பூர் மாட வீதியில் ஆட்டோக்காரரே ஒரு நொடி நின்று பார்ப்பார்.

சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் வேலியோரம் நின்று பார்த்தவன் நான். இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990-இல்தான் வந்தது. சோழவரத்தில் உட்கார ஒழுங்கான இடம்கூட இருக்காது, வாயெல்லாம் புழுதி. ஆனால் ஃபியட்டும் ஹெரால்டும் பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு திரும்புவதை அங்கே பார்த்தவனுக்கு வேறு கார் பிடிக்காது. ஆகவே நான் நடுநிலையாளன் இல்லை, தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, இனி விஷயம். ஹெரால்டின் பின் ஆக்ஸிலில் கிரவுன் (நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல்) பக்கம் மட்டும்தான் கிராஸ் (மடங்கிச் சுற்றும் மூட்டு) இருக்கும், சக்கரத்துப் பக்கம் கிடையாது. அதனால் சக்கரம் ஏறி இறங்கும்போது சாய்ந்துகொண்டே ஏறி இறங்கும். வேகமாக வளைவுக்குள் நுழைந்துவிட்டு, பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தீர்களோ, பின்பக்கம் மேலே எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் வயிற்றுக்கடியில் மடங்கும், கார் உங்களைக் கேட்காமல் சுற்றும். பிரேக் எல்லாம் வளைவுக்கு முன்னால். உள்ளே போன பிறகு காலை லேசாக மிதித்தபடியே வெளியே வர வேண்டும். இது பழகிவிட்டால் ஸ்டியரிங்கில் பாதியைக் காலாலேயே செய்யலாம், நீங்கள் தேடுகிற சுகமும் அதுதான். ஏலகிரிக்குப் போனால் ஏறும்போது பிரச்சினையே வராது, இறங்கும்போது இரண்டாம் கியர். அந்தப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். தேரையே கொடுத்த பாரிக்கும் ஒரு வளைவு உண்டு. அவன் பெயர் வைத்த இடத்தில் நீங்கள் காரைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

திருவான்மியூர் வண்டியைப் பார்க்கப் போகும்போது என்ஜின் சத்தத்தில் மயங்க வேண்டாம். என்ஜினை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், லேத் பட்டறைக்கு இந்த ஊரில் பஞ்சமா? காசைத் தின்பது சேஸிஸ். அதுவும் கடல் காற்று படுகிற இடம். பாக்கெட்டில் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். வீல் ஆர்ச், கதவுக்குக் கீழே, டிக்கி ஓரம் என்று வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பூசி மறைத்த பட்டி இருக்கிறது. அப்புறம் கீழே பாயைப் போட்டுப் படுத்து, சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ‘டங்’ என்றால் சரி, ‘பொத்’ என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். கதவைத் தூக்கிப் பிடித்துச் சாத்த வேண்டியிருந்தால் நடுவில் தொய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பானெட்டை முன்பக்கமாக முழுசாகச் சாய்த்துவிடலாம். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றலாம், இந்த வசதி வேறு எந்தக் காரில் உண்டு? அப்படி உட்காரும்போது சக்கரத்துக்குள் கீழே குனிந்து பாருங்கள். பித்தளை நிறத்தில் ஒரு துண்டு தெரியும், பெயர் ட்ரனியன். சக்கரம் இடம் வலம் திரும்புவது அதற்குள் இருக்கும் மரையில்தான். அதற்கு கிரீஸ் ஆகாது, 90 நம்பர் கியர் ஆயில்தான். நம்ம ஷெட்டுகளில் எதைக் கண்டாலும் கிரீஸ் கன்னைத் தூக்குவார்கள். கிரீஸ் மரைக்குள் போகாது, உள்ளே தண்ணீர் தேங்கும், துருப்பிடிக்கும், ஒரு நாள் அந்த மரைக்குள் நிற்கும் வெர்டிகல் லிங்க் முறிந்து முன்சக்கரம் படுத்துவிடும். வீட்டு அம்மணியின் நிபந்தனை அங்கேயே முடிந்தது.

இன்னொன்று பெட்ரோல். இப்போது பங்கில் வருவது எத்தனால் இருபது சதவீதம் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம் எல்லாம் ஊறிப்போய் ஒழுகும், என்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் அது விளையாட்டு இல்லை. எத்தனால் தாங்குகிற ஹோஸாக மொத்தமாக மாற்றுங்கள். கலவை மெலிந்து என்ஜின் திக்கினால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டைக் கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டும். எத்தனால் தண்ணீரை இழுக்கும், அதனால் மழைக்காலம் முழுக்க டேங்கில் பெட்ரோலை வைத்துக்கொண்டு காரை நிறுத்தாதீர்கள். எப்போதாவது ஹெட் இறக்கினால் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டைக் கெட்டியானதாகப் போடச் சொல்லுங்கள். அந்த என்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்தது, அது 2000-ஆம் ஆண்டோடு போய்விட்டது.

அப்புறம் நம்ம மே மாதம். மத்திய கைலாஷ் சிக்னலில் கொஞ்ச நேரம் நின்றால் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி என்ஜின் அணைந்துவிடும். பதற வேண்டாம். அந்தக் காலத்து டாக்சி டிரைவர்கள் செய்த வைத்தியம்தான், பம்பின் மேல் ஈரத்துணி. டேஷ்போர்டில் ஒரு பழைய துண்டும் ஒரு பாட்டில் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும்.

ஆர்.சி. புக்:

சார் சொன்னது எல்லாம் சரி. காகிதத்தையும் பார்த்துவிடுங்கள். 2021-இல் வந்த மத்திய விதிப்படி 50 வருடம் தாண்டி, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதிதாகப் பதிந்தால் வி.ஏ. என்ற எழுத்தோடு எண் வரும், கட்டணம் 20,000. ஏற்கெனவே எண் இருந்தால் பழையதையே வைத்துக்கொள்ளலாம், ஆகவே அந்த எம்.எஸ். பிளேட் போகாது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, விண்டேஜ் ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது மாதிரி காரியங்களுக்குத்தான் எடுக்கலாம், வழக்கமாக ஓட்ட அனுமதி இல்லை. ஞாயிறுதோறும் ஈ.சி.ஆர். போகிறவருக்கு அது ஒத்துவராது. சாதாரணமாக எஃப்.சி. காட்டி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பித்து, பசுமை வரி கட்டிவிடுவதே நல்லது.

என்ஜின் நம்பரை ஆர்.சி.யோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த வயது வண்டிகளில் வேறு என்ஜின் உட்கார்ந்திருப்பது சகஜம். ஆர்.சி. காலமானவர் பெயரில் இருந்தால், வாரிசுச் சான்றிதழோடு அவர்கள் தங்கள் பெயருக்கு மாற்றிய பிறகு காசு கொடுங்கள். இன்சூரன்ஸில் ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு மதிப்பை இரு தரப்பும் பேசி முடிவு செய்வதுதான் முறை. நாலு பக்கமும் போட்டோ எடுத்து, செலவு செய்த பில்லோடு போய்ப் பேசுங்கள்.

பெருங்குடி பிரேக்:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை திருவான்மியூர் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வண்டி ஒரு அம்மாவுடையது. அவர் கணவர் ஓட்டியது, ஆர்.சி.யை அம்மா தன் பெயருக்கு மாற்றிவிட்டார். நம்பர்கள் ஒத்துப்போகின்றன.

இடது பின் வீல் ஆர்ச்சில் காந்தம் ஒட்டவே இல்லை, கீழே விழுந்தது. மற்ற இடம் பரவாயில்லை. கதவுகள் ஒரு விரலால் தள்ளினால் சாத்திக்கொள்கின்றன. பின்னால் இரண்டு கைகள் மட்டும் ‘பொத்’. ட்ரனியனில் கறுப்பு கிரீஸ் பிதுங்கிக்கொண்டு நிற்கிறது, சார் வாயில் சர்க்கரை போட வேண்டும். தெருவுக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டவிட்டார். இரண்டாம் கியரில் மூலையில் திரும்பும்போது அதே தள்ளல். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் வாசலுக்கு வந்து, “ஸ்டார்ட் ஆச்சா!” என்றார்.

அந்த இரண்டு கைகளையும் சரிசெய்ய உடம்பை முழுசாகக் கழற்ற வேண்டுமா? டிங்கரிங் கடையில் தகடு வைத்து வெல்டிங் அடித்துவிடலாம் என்கிறார்கள்.

சோழவரம் பார்வையாளர்:

கழற்ற வேண்டாம். ஹெரால்டின் உடம்பு சேஸிஸ் மேல் போல்ட்டில் நிற்பது, தேவைப்பட்டால் தூக்கிவிடலாம், ஆனால் இரண்டு கைகளுக்காக அவ்வளவு வேலை எதற்கு? கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு கம்பியை முட்டுக்கொடுத்துவிட்டு, அழுகியதை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி, புதிதாக மடித்த துண்டை வைத்து அடிக்கச் சொல்லுங்கள். துரு மேல் தகடு ஒட்டுவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். உள்ளே அழுகிக்கொண்டே இருக்கும், வெளியே பார்க்க அழகாக இருக்கும். பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள் இருக்கிறது, வெல்டிங்குக்கு முன்னால் அதை இறக்கிவிட்டார்களா என்று நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள்.

வீல் ஆர்ச்சையும் சேர்த்துக் காட்டி விலை பேசுங்கள். ட்ரனியன், வெர்டிகல் லிங்க் இரண்டும் இங்கிலாந்தில் புதிதாகவே விற்கிறார்கள், ஸ்பிட்ஃபயர்காரர்களின் புண்ணியம். இடப்பக்கத்துக்கு வேறு, வலப்பக்கத்துக்கு வேறு, இரண்டு பக்கமும் ஆர்டர் போடுங்கள். அது வந்து மாட்டும்வரை வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள், டோ டிரக்கில் ஏற்றி வாருங்கள். திருவான்மியூரிலிருந்து பெருங்குடி கூப்பிடு தூரம்தானே என்று நினைக்க வேண்டாம்.