அம்பாசடருக்குப் புது ரேடியேட்டரா, பழையதற்கே புது கோரா?

குழு: வேலூர் வீட்டு உறவுகள்

திங்கள்

ரகு: (படம்)
ரகு: காலையில் தாத்தா காரை வாட்டர் சர்வீஸுக்கு எடுத்துப் போனேன். காட்பாடி மேம்பாலம் ஏறும்போதே சூடு காட்டுகிற முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினால் ஒரே ஆவி.

வசந்தா பெரியம்மா: அய்யோ! ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவில்லையே?

ரகு: இல்லை பெரியம்மா. நன்றாக ஆறிய பிறகு துணி போட்டுத்தான் திறந்தேன். தண்ணீர் பாதிக்கு மேல் காலி. ஊற்றிக்கொண்டு மெதுவாக வீடு வந்து சேர்ந்துவிட்டேன்.

கார்த்திக்: அப்போ மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி என்ன ஆகும்? தாத்தா காரில்தான் வருவேன் என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டேன் ரகு.

மீனா அக்கா: முகூர்த்தத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது தம்பி, பதறாதே. சித்தப்பா பார்த்தால் சொல்வார்.

பாபு மாமா: இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பழைய ரேடியேட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு அலுமினியத்தில் ஒன்று வாங்கி மாட்டுங்கள். இப்போது வருகிற எல்லா வண்டியிலும் அதுதான். எடை குறைவு, குளிர்ச்சி அதிகம். என் காரில் இத்தனை வருடமாக ஒரு தொல்லையும் இல்லை.

சண்முகம் சித்தப்பா: இப்போதுதான் பார்த்தேன். ரகு, எதையும் வாங்காதே, கழற்றாதே. முதலில் இரண்டு விஷயம் பார்த்துச் சொல். ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார், ஆயில் பால் கலந்த காபி போல இருக்கிறதா? ஆயில் ஊற்றுகிற மூடியின் உள்பக்கம் வெள்ளையாக நுரை ஒட்டியிருக்கிறதா? அப்புறம், ஸ்டார்ட் செய்யும்போது சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா?

ரகு: ஆயில் கறுப்பாகத்தான் இருக்கிறது சித்தப்பா. மூடியும் சுத்தம். புகை எதுவும் இல்லை.

சண்முகம் சித்தப்பா: நல்லது. ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு, தப்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இந்த 1489 சிசி இன்ஜினுக்கு பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. அதனால் ஓரளவு சூட்டைத் தாங்கும். அலுமினிய ஹெட் உள்ள வண்டி என்றால் இந்நேரம் ஹெட் கோணியிருக்கும். அதற்காக இன்னொரு முறை கொதிக்க விட்டுவிடாதே.

சண்முகம் சித்தப்பா: அடுத்த கேள்வி. பைபாஸில் ஓடும்போது சூடு ஏறுகிறதா, நிற்கும்போது ஏறுகிறதா?

ரகு: இரண்டிலும் ஏறுகிறது. சிக்னலில் நின்றால் சீக்கிரம் ஏறும். பைபாஸில் மெதுவாக ஏறும்.

சண்முகம் சித்தப்பா: நிற்கும்போது மட்டும் ஏறினால் காற்றுப் பிரச்சினை. ஃபேன், பெல்ட் பக்கம் பார்க்க வேண்டும். ஓடும்போது மட்டும் ஏறினால் தண்ணீர் ஓட்டம், அதாவது கோர் அடைப்பு. கோர் என்றால் ரேடியேட்டரின் நடுவில் தண்ணீர் ஓடுகிற குழாய்க் கட்டு. உனக்கு இரண்டும் இருக்கிறது. சாயங்காலம் நேரில் வருகிறேன்.

வசந்தா பெரியம்மா: வந்தால் இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போ சண்முகம்.

சண்முகம் சித்தப்பா: சரி அண்ணி.

செவ்வாய்

ரகு: நேற்று சித்தப்பா காட்டியதை எல்லோருக்கும் சொல்கிறேன். இன்ஜினைச் சூடாக்கி அணைத்துவிட்டு, ரேடியேட்டரின் முன்பக்கம் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே தடவச் சொன்னார். மேலே கை வைக்க முடியாத சூடு. கீழே இடது ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குச் சில்லென்று இருக்கிறது! அங்கே தண்ணீரே ஓடவில்லையாம்.

மீனா அக்கா: அவ்வளவு இடம் வேலையே செய்யாமல் இருந்ததா?

சண்முகம் சித்தப்பா: ஆமாம் மீனா. வருடக்கணக்காக போர் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார்கள். அதில் உள்ள உப்பு, சூடேறச் சூடேற, குழாயின் உள்சுவரில் படிந்துவிடும். இட்லிப் பானையின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதேதான். ரேடியேட்டர் குழாய் தட்டையானது. உள்ளே வழியே கொஞ்சம்தான். மெல்லியதாகப் படிந்தாலே அடைத்துவிடும்.

சண்முகம் சித்தப்பா: வெளிப்பக்கமும் மோசம். குழாய்களுக்கு இடையே இருக்கிற மெல்லிய தகட்டுக் கண்ணிகளுக்குள் கேழ்வரகுத் தாள், பூச்சி, மண் எல்லாம் திணிந்து கிடக்கிறது. ரோட்டில் கதிரைப் பரப்பிப் போட்டு வண்டி ஏற விடுகிற ஊர்ப்பக்கம் போய் வந்திருக்கிறது.

கார்த்திக்: உள்ளே கழுவிவிட்டால் போதாதா சித்தப்பா?

சண்முகம் சித்தப்பா: கொஞ்சம் அடைப்பு என்றால் போதும். மேல் டேங்க்கையும் கீழ் டேங்க்கையும் ஈயம் உருக்கிக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பி விட்டுக் குத்தி எடுப்பார்கள். நம்முடையதில் அதற்கும் வழியில்லை. கண்ணிகளே குழாயை விட்டுப் பிடி தளர்ந்துவிட்டன. விரலால் அழுத்தினால் பொடியாக உதிர்கிறது. கண்ணி குழாயோடு ஒட்டி இருந்தால்தான் தண்ணீரின் சூடு காற்றுக்குப் போகும். கோர் மாற்றியே ஆக வேண்டும்.

பாபு மாமா: அதைத்தான் நானும் சொல்கிறேன் மச்சான். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், அலுமினியமாகவே மாற்றலாமே?

சண்முகம் சித்தப்பா: பாபு, அலுமினியம் மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். சூட்டைக் கடத்துவதில் செம்புதான் மேல். ஆனால் அலுமினியத்தில் குழாயை அகலமாகப் போடலாம், அதனால் நடைமுறையில் அதுவும் நன்றாகவே குளிர்விக்கும். அந்த ரேடியேட்டருக்கென்றே வடிவமைத்த உன் வண்டிக்கு அது சரி. இந்த வண்டிக்கு நான் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு.

சண்முகம் சித்தப்பா: அளவெடுத்துச் செய்ய வேண்டும். ஹோஸ் வாய், போல்ட் துளை எல்லாம் இம்மி பிசகாமல் வர வேண்டும். நாளைக்குத் திருவண்ணாமலை ரோட்டில் ஒரு கல் பட்டு ஓட்டை விழுந்தால் வழியில் எவராலும் அடைக்க முடியாது. அலுமினியம் பற்றவைக்க ஆர்கான் வெல்டிங் வேண்டும். செம்பு, பித்தளை என்றால் ஈயப் பற்று வைக்கத் தெரிந்த ரேடியேட்டர் கடை எந்த ஊரிலும் இருக்கும். நம் டேங்க் இரண்டும் கெட்டிப் பித்தளை, இன்னும் ஒரு தலைமுறைக்கு வரும். அதை ஏன் தூக்கிப் போட வேண்டும்? அதே டேங்க்கில் புது கோர் வைத்துக் கட்டிவிட்டால் பழைய இடத்தில் அப்படியே உட்காரும்.

பாபு மாமா: வழியில் அடைக்க முடியாது என்பது சரிதான். ஒத்துக்கொள்கிறேன்.

ரகு: கடையில் கேட்டேன் சித்தப்பா. மூன்று வரிசைக் கோரும் போடலாம், நான்கு வரிசையும் போடலாம் என்கிறார். வெயிலுக்கு நான்குதான் நல்லதாம்.

சண்முகம் சித்தப்பா: மூன்றே போதும். வரிசை கூடக்கூட கோர் தடிமனாகும். காற்று அதன் வழியே புகுந்து வருவது கடினமாகும். நம் ஃபேன் பெல்ட்டில் சுற்றுவது. இன்ஜின் மெதுவாக ஓடினால் அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். அந்தக் காற்று நான்காவது வரிசையைத் தாண்டுவதற்குள் சூடாகிவிடும். இன்னொன்று, கண்ணியை ரொம்ப நெருக்கமாக வைக்க வேண்டாம் என்று சொல். நெருக்கமாக இருந்தால் நம் ஊர்த் தூசியில் ஒரே வருடத்தில் அடைத்துக்கொள்ளும்.

புதன்

ரகு: ரேடியேட்டரை இறக்கிக் கடையில் கொடுத்துவிட்டேன். (படம்) தண்ணீரை வடித்தபோது வந்தது இது. செம்மண் குழம்பு போல இருந்தது.

சண்முகம் சித்தப்பா: பிளாக்கின் பின்பக்கம் ஒரு சின்னக் குழாய் இருக்கிறது, அதையும் திற. தண்ணீர் வரவில்லை என்றால் கம்பி விட்டுக் குத்து. துருவும் வண்டலும் அங்கேதான் போய்ப் படியும். புது ரேடியேட்டரை மாட்டிவிட்டுப் பழைய வண்டலை உள்ளேயே விட்டால், சீக்கிரமே புது கோரும் அடைத்துக்கொள்ளும்.

ரகு: குத்திய பிறகுதான் வந்தது. தெளிவாக வரும்வரை ஹோஸ் பிடித்துவிட்டேன்.

ரகு: இன்னொன்று சித்தப்பா. தெர்மோஸ்டாட் கூட்டைத் திறந்தால் உள்ளே காலி!

சண்முகம் சித்தப்பா: எதிர்பார்த்தேன். போன வருடம் வேலை பார்த்த பட்டறையில் கழற்றிப் போட்டிருப்பார்கள். வெயில் ஊருக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று ஒரு பேச்சு எல்லா இடத்திலும் இருக்கிறது. அது தவறு. இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற வால்வுதான் தெர்மோஸ்டாட். அது இல்லையென்றால் காலையில் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். பெட்ரோல் அதிகம் குடிக்கும், சிலிண்டரும் தேயும். 82 டிகிரியில் திறப்பது ஒன்று வாங்கிப் போடு. மாட்டுவதற்கு முன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார். கொதிப்பதற்குள் வாய் திறக்க வேண்டும்.

வசந்தா பெரியம்மா: என் சமையல் பாத்திரத்தை எடுக்காதே ரகு. பின்கட்டில் பழைய அலுமினியச் சட்டி இருக்கிறது.

ரகு: சரி பெரியம்மா. சித்தப்பா, மூடியும் கொஞ்சம் அதிக அழுத்தமாக வாங்கட்டுமா? புது கார்களின் மூடி போட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்காதாம்.

சண்முகம் சித்தப்பா: கூடவே கூடாது. ஒரு பவுண்ட் அழுத்தத்துக்குக் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி கூடும், அது உண்மை. ஆனால் இது ஈயம் வைத்த டேங்க். தாங்குகிற அழுத்தம் குறைவு. அதிக அழுத்த மூடி போட்டால் ஈயப் பற்று விடும், இல்லாவிட்டால் ஹோஸ் வெடிக்கும். பழைய மூடியில் என்ன எண் அடித்திருக்கிறதோ அதே எண்ணில் புதிது வாங்கு. ரப்பர் வாஷர் நன்றாக இருக்கிறதா பார். ஹோஸ் பைப் மேல், கீழ் இரண்டும் புதிது. கீழ் ஹோஸ் தொளதொளத்துப் போயிருந்தால் பம்ப் இழுக்கும்போது உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும்.

கார்த்திக்: சித்தப்பா, ஊர்வலம் நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடை வேகத்தில்தான் போகும். அது தாங்குமா?

சண்முகம் சித்தப்பா: அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன் கார்த்திக். இந்த வண்டிக்குப் பைபாஸை விட, ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளை விட, உன் ஊர்வலம்தான் பெரிய சோதனை. எதிர்க்காற்று கிடையாது, ஃபேன் மெதுவாகச் சுற்றும், கீழே தார் ரோட்டின் சூடு. வேலூரில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். சாயங்காலம் ஆனாலும் ரோடு ஆறாது.

சண்முகம் சித்தப்பா: இரண்டு வேலை செய்யலாம். ஃபேனைச் சுற்றித் தகரத்தில் ஒரு கூண்டு. நம் வண்டியில் அது இல்லை. கூண்டு இல்லாத ஃபேன் பக்கவாட்டிலிருந்து இன்ஜினின் சூட்டுக் காற்றையே இழுத்துச் சுற்றிவிடும். கூண்டு இருந்தால் கோர் முழுவதும் ஊடுருவித்தான் இழுக்க வேண்டும். டிங்கரிடம் சொல்லிச் செய்யலாம், இலை நுனிக்கும் தகரத்துக்கும் ஒரு அங்குல இடைவெளி இருக்கட்டும்.

சண்முகம் சித்தப்பா: இரண்டாவது, முன்பக்கம் ஒரு 12 அங்குல எலெக்ட்ரிக் ஃபேன், ரிலேயும் தனி ஃபியூஸும் வைத்து, டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச். நம் வண்டியில் ஆல்டர்னேட்டர் இருப்பதால் தாங்கும். டைனமோ வண்டியாக இருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். மாட்டும்போது காற்று எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்துவிடு. முன்னிருந்து இன்ஜின் பக்கம் தள்ள வேண்டும். திருப்பி மாட்டினால் இரண்டு ஃபேனும் சண்டை போட்டுக்கொள்ளும்.

வெள்ளி

ரகு: (படம்) கோர் கட்டி முடித்துவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டியில் முக்கி, காற்றடித்துக் காட்டினார்கள். ஒரு குமிழிகூட இல்லை. பழைய கோரை எடைக்கு எடுத்துக்கொண்டு கூலியில் கழித்துக்கொண்டார்.

மீனா அக்கா: எவ்வளவு பளபளப்பு! தாத்தா பார்த்திருந்தால் அதைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

ரகு: கூலன்ட் எவ்வளவு கலக்க வேண்டும் சித்தப்பா? முழுவதும் கூலன்டே ஊற்றலாமா?

சண்முகம் சித்தப்பா: வேண்டாம். நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை. சூட்டை ஏந்திப் போவதில் தண்ணீர்தான் சிறந்தது. கூலன்ட் நமக்குத் துரு பிடிக்காமல் இருக்கத்தான். கெட்டிக் கூலன்ட் மூன்றில் ஒரு பங்கு, பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் இரண்டு பங்கு. இனி போர் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது. கலந்த கூலன்ட் தண்ணீர் மீந்தால் வாசலில் ஊற்றாதே. அது இனிக்கும், நாய் நக்கினால் உயிர் போய்விடும்.

வசந்தா பெரியம்மா: நம் மணி எதையும் நக்கும். ரகு, கட்டாயம் மூடி வை.

சண்முகம் சித்தப்பா: நிரப்பும்போது மூடியைத் திறந்தே வைத்து இன்ஜினை ஓடவிடு. தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் மளமளவென்று இறங்கும், அப்போது மீதியை ஊற்று. கழுத்துவரை நிரப்பாதே, இரண்டு விரல் அளவு காலியாக விடு. இந்த வண்டியில் விரிவுக்குத் தனிப் பாட்டில் இல்லை. நிரம்ப ஊற்றினால் அதிகமானதை ரோட்டில் கொட்டிவிடும். அதைப் பார்த்துவிட்டு ஒழுகுகிறது என்று மறுபடி மறுபடி ஊற்றாதே.

சனி

ரகு: சோதனை முடிந்தது! மத்தியானம் இரண்டு மணி வெயிலில் எங்கள் தெருவிலேயே முதல் கியரில் அரை மணி நேரம் போய்ப் போய் வந்தேன். முள் நடுவில் வந்து நின்றது, அசையவில்லை. ஃபேன் சுவிட்சைப் போட்டால் நடுவுக்குக் கொஞ்சம் கீழே. மேல் ஹோஸ் கிளாம்ப்பில் மட்டும் லேசாகக் கசிந்தது, முடுக்கிவிட்டேன்.

கார்த்திக்: ரகு!!! வாழ்க நீ. சித்தப்பா, ரொம்ப நன்றி.

சண்முகம் சித்தப்பா: சந்தோஷம். நாளைக் காலையில் வண்டி ஆறியிருக்கும்போது மட்டத்தையும் பெல்ட்டையும் ஒருமுறை பார். புது பெல்ட் கொஞ்சம் நீளும். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் போக வேண்டும், அதற்கு மேல் போனால் இழுத்துக் கட்டு.

பாபு மாமா: மச்சான், என் அண்ணன் வீட்டில் ஒரு பழைய பத்மினி கார் நிற்கிறது. கல்யாணம் முடிந்ததும் அதையும் ஒரு கை பாருங்கள்.

சண்முகம் சித்தப்பா: கட்டாயம் பாபு. அதன் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று மட்டும் இப்போதே பார்த்து வை.

மீனா அக்கா: சித்தப்பா, கார் அலங்காரம் என் பொறுப்பு. முன்பக்கம் கிரில் முழுவதும் சாமந்தித் தட்டி, நடுவில் ரோஜாவில் இருவர் பெயர். நன்றாக இருக்குமா?

சண்முகம் சித்தப்பா: மீனா, கிரில்லை மட்டும் விட்டுவிடு அம்மா. காற்று போகிற ஒரே வாசல் அதுதான். தட்டி கட்டினால் இத்தனை நாள் பட்ட பாடு வீண். பானெட் மேல், கூரை மேல், கதவுகளில் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டு. வாழைக்கன்று வைத்தால் பக்கவாட்டில் வை, இலை முன்னால் சாயக் கூடாது.

மீனா அக்கா: புரிந்தது. பெயர்ப் பலகையைக் கூரைக்கு மாற்றிவிடச் சொல்கிறேன்.

மீனா அக்கா: பூக்காரரிடம் பேசிவிட்டேன். கிரில்லில் ஒரு முழம்கூட வராது. பானெட்டுக்குச் சரம், அதுவும் முன் விளிம்பைத் தாண்டித் தொங்காமல்.

சண்முகம் சித்தப்பா: அது போதும். ரகு, ஊர்வலத்தன்று டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்றை டிக்கியில் போட்டு வை. வண்டியை நீயே ஓட்டு.