டிஃப்ரன்ஷியல் டிரெயின் பிளக்கைப் பாறையிலிருந்து காப்பாற்ற என்ன வழி?

நண்பர்களே, சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப் பாதை தெரிந்தவர்களுக்குப் பாறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. என் பழைய ஜீப்பின் பின்பக்க டிஃப்ரன்ஷியலுக்கு (பின்சக்கரங்களுக்கு நடுவே உள்ள பல்சக்கரப் பெட்டி) அடியில் டிரெயின் பிளக் (ஆயிலை வடிக்கும் திருகு மூடி) துருத்திக்கொண்டு நிற்கிறது. பாறையில் உரசி உரசி அதன் அறுகோணத் தலை மழுங்கிவிட்டது, ஸ்பேனர் வழுக்குகிறது. கியர் ஆயில் இன்னும் கசியவில்லை, அதுவரை சரி.

பிளக்கைச் சுற்றித் தடித்த இரும்பு வளையத்தை வெல்டிங் செய்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். சூட்டில் ஆக்சில் ஹவுசிங் (அச்சை மூடியிருக்கும் கூடு) வளைந்துவிடுமோ என்று எனக்குப் பயம். ஸ்கிட் பிளேட் (அடியில் மாட்டும் காப்புத் தகடு) போட்டால் சேறு அடைத்துக்கொள்ளும், தரை இடைவெளியும் குறையும். உள்ளே அமுங்கி உட்காரும், தலையிலுள்ள அறுகோணக் குழியில் சாவி விட்டுத் திருகும் ஆலன் கீ பிளக்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் அந்தக் குழியில் மண் இறுகாமலிருக்க கிரீஸ் அடைத்தால் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், மழுங்கிய பிளக்கைக் கழற்றவும் ஒரு யோசனை வேண்டும்.