சாண்டர்ஸ் தோற்றது வாக்கிலா, தொலைக்காட்சியிலா?

பனைமரம்:
2016-ல் ஜனநாயகக் கட்சி இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸை நிறுத்தியிருந்தால் டிரம்ப் அதிபர் ஆகியிருக்க மாட்டார் என்று இன்றும் நம்புகிறேன். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்குள் நடந்த பிரைமரி வாக்கெடுப்பில் ஹிலாரி கிளின்டனிடம் அவர் தோற்றார், உண்மைதான். ஆனால் வாக்காளர் கண்ணில் அவர் எவ்வளவு பட்டார்? 2015 ஜனவரி முதல் நவம்பர் வரை ஏபிசி சேனலின் மாலைச் செய்தியில் டிரம்புக்கு 81 நிமிடம், சாண்டர்ஸுக்கு 20 விநாடி. செய்தி நேரத்தைக் கணக்கெடுக்கும் டின்டால் அறிக்கை எண்ணிச் சொன்ன கணக்கு இது. அதே வருடம் ஆகஸ்டில் போர்ட்லண்டில் அவர் பேச்சைக் கேட்க 20,000 பேருக்கு மேல் திரண்டிருந்தார்கள். 2016 மார்ச் 15 இரவு இன்னும் மோசம். ஃபீனிக்ஸில் அவர் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், செய்திச் சேனல்கள் டிரம்ப் வரப்போகும் காலி மேடையைக் காட்டிக்கொண்டிருந்தன.

கொற்றவை:
நண்பரே, 20 விநாடி என்பது ஒரு சேனலின் ஒரு நிகழ்ச்சி. 2015 செய்திகளை ஹார்வர்டின் ஊடக ஆய்வு மையமான ஷோரன்ஸ்டீன் மையம் ஆராய்ந்ததே, அதையும் பாருங்கள். சாண்டர்ஸுக்குக் கிடைத்த இடம் குறைவு, ஆனால் வந்தவற்றில் பெரும்பகுதி அவருக்குச் சாதகம். வெளியுறவு அமைச்சராக இருந்தபோது அரசு வேலைக்குச் சொந்த மின்னஞ்சலைப் பயன்படுத்திய விவகாரத்தை வைத்து ஹிலாரியைத்தான் மாதக்கணக்கில் துவைத்து எடுத்தார்கள்.

அப்புறம், வாக்கு என்று ஒன்று இருக்கிறதே? ஹிலாரிக்கு ஏறக்குறைய 1 கோடியே 69 லட்சம், சாண்டர்ஸுக்கு 1 கோடியே 32 லட்சம். தென் கரோலினாவில் ஹிலாரி வாங்கியது 73 சதவீதம். அங்கே கறுப்பின வாக்காளர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அவர் பக்கம் நின்றார்கள். கிளின்டன் குடும்பத்தைக் கால் நூற்றாண்டாகத் தெரிந்தவர்கள் அவர்கள். டிவி சொன்னதைக் கேட்டுக் குத்தினார்கள் என்று பேசுவது அவர்களை மட்டம் தட்டுவது.

பனைமரம்:
அவர்களை நான் எங்கே குறை சொன்னேன்? ஜெயிக்கிற குதிரை எது என்று முன்கூட்டியே அறிவித்தவர்களைத்தான் சொல்கிறேன். நியூ ஹாம்ப்ஷயரை எடுத்துக்கொள்ளுங்கள். சாண்டர்ஸ் 60, ஹிலாரி 38 சதவீதம். கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள், வாக்குப்படி 15-க்கு 9. ஆனால் மறுநாள் பல இடங்களில் வந்த கணக்கு 15-க்கு 15! யாரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத, கட்சிப் பிரமுகர்களான ‘சூப்பர் டெலிகேட்டுகள்’ ஆறு பேரை ஹிலாரி கணக்கில் சேர்த்துவிட்டார்கள். 22 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தவர் ‘சமநிலை’ என்று காட்டப்பட்டால், அடுத்த மாநிலத்துக்காரர் என்ன நினைப்பார்? ‘இவருக்குப் போட்டால் ஓட்டு வீண்’ என்றுதானே? கடைசியில் கலிஃபோர்னியா வாக்களிப்பதற்கு முந்தின நாள், ஜூன் 6 அன்று, ஹிலாரி வென்றுவிட்டார் என்று ஏபி செய்தி நிறுவனம் அறிவித்தது. அதுவும் சூப்பர் டெலிகேட்டுகளிடம் கேட்டு எண்ணித்தான்.

வைகறை:
மிச்சிகனை இரண்டு பேரும் விட்டுவிட்டீர்கள். சுமார் 20 புள்ளி பின்னால் இருக்கிறார் என்று கருத்துக்கணிப்புகள் சொன்ன இடத்தில் சாண்டர்ஸ் ஜெயித்தார். விஸ்கான்சினிலும் ஜெயித்தார். நவம்பரில் ஹிலாரியைக் கவிழ்த்தவை இந்த இரண்டும் பென்சில்வேனியாவும். மூன்றிலும் சேர்த்து வித்தியாசம் 80,000 வாக்குகூட இல்லை. பென்சில்வேனியா பிரைமரியில் ஹிலாரிதான் வென்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கொற்றவை:
சரி, விஸ்கான்சினுக்கே வருவோம். நவம்பரில் அதே நாள், அதே வாக்குச்சீட்டில் ஜனநாயகக் கட்சி சார்பில் செனட்டுக்கு நின்றவர் ரஸ் ஃபைன்கோல்ட். இராக் போரை எதிர்த்தவர், தேர்தலில் பெரும்பணத்தை எதிர்த்துச் சட்டம் கொண்டுவந்தவர், சாண்டர்ஸ் ஆதரவாளர்களுக்குப் பிடித்த எல்லாம் அவரிடம் இருந்தது. ஹிலாரி அங்கே ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத் தோற்றார். ஃபைன்கோல்ட் மூன்று சதவீதத்துக்கு மேல். இடதுசாரி நின்றிருந்தால் விஸ்கான்சின் கைக்கு வந்திருக்கும் என்பதற்கு இது எதிர்ச்சாட்சி.

மே மாதக் கணிப்புகளில் டிரம்பை சாண்டர்ஸ் 10 புள்ளி முந்தினார் என்பீர்கள். அதுவரை அவரைக் கடுமையாகத் தாக்கியவர் யார்? அவர் ஆதரவாளர்கள் பிறகு தனக்கு வேண்டும் என்று ஹிலாரியே கை ஓங்கவில்லை. ‘சோஷலிஸ்ட்’ என்று அவரே வைத்துக்கொண்ட பெயரை நூறு கோடி டாலர் விளம்பரம் என்ன செய்திருக்கும்?

பனைமரம்:
ஃபைன்கோல்ட் 18 வருடம் செனட்டில் இருந்துவிட்டு 2010-ல், இந்த முறையும் அவரை வென்ற அதே குடியரசுக் கட்சி ஜான்சனிடம் தோற்றவர். பழைய முகம். கட்சியே ஒப்புக்கொண்டதைப் பாருங்கள். கட்சித் தலைமையகத்தின் மின்னஞ்சல்கள் கசிந்ததும் கட்சித் தலைவி வாசர்மன் ஷுல்ட்ஸ் பதவி விலகினார். 2018-ல் சூப்பர் டெலிகேட்டுகளுக்கு முதல் சுற்றில் வாக்கில்லை என்று விதியையே மாற்றினார்கள். தப்பு நடக்காத இடத்தில் விதியை ஏன் மாற்ற வேண்டும்?

கொற்றவை:
விதி மாறியது நல்லது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மாறின பிறகு என்ன ஆயிற்று? 2020-ல் சாண்டர்ஸை அறியாதவர் இல்லை, பணத்துக்கும் குறைவில்லை, நெவாடா வரை அவர்தான் முன்னணி. பிறகு தென் கரோலினா வந்தது. பைடன் 48 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். மூன்றே நாளில், பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களிக்கும் சூப்பர் செவ்வாய். பெரிதாகப் பிரசாரமே செய்யாத மினசோட்டாவும் மாசசூசெட்ஸும் பைடனுக்குப் போயின.

பனைமரம்:
அந்த மூன்று நாளில் போட்டியிலிருந்த புட்டஜெஜும் குளோபுச்சரும் விலகி டல்லாஸில் பைடனுக்கு ஆதரவு சொன்னதை விட்டுவிட்டீர்களே! கொள்கையைவிட டிரம்பை வீழ்த்துவதே முக்கியம் என்று பெரும்பாலோர் வாக்குச்சாவடியில் சொன்னார்கள். அவர்களில் அதிகம் பேர் பைடனுக்குப் போட்டார்கள். சாண்டர்ஸால் முடியாது என்ற முடிவுக்கு எதை வைத்து வந்தார்கள்?

கொற்றவை:
ஒபாமா பக்கத்தில் எட்டு வருடம் துணை அதிபராக பைடனைப் பார்த்ததை வைத்து. தென் கரோலினாவில், பைடனை ஆதரித்து கறுப்பினத் தலைவர் கிளைபர்ன் சொன்ன சொல்லை வைத்து. அவர் 1993 முதல் அந்த மக்களின் காங்கிரஸ் உறுப்பினர். எந்தச் சேனலும் அவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.