மறு: சேவரிக்குத் தமிழ்ச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

உணவுச் செயலியின் மொழிபெயர்ப்புக்காக, இனிப்பில்லாத பண்டங்களைக் குறிக்கும் சேவரி (savoury) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன போடலாம் என்று தம்பி கேட்டதும் மடல்கள் குவிந்துவிட்டன. ஐயா நறுஞ்சுவை என்கிறார், அக்கா கார்ப்பு என்கிறார், அப்புறம் கரிப்பு, உவர்சுவை, இன்சுவை என்றும் வந்திருக்கின்றன. சொல்லாகப் பார்த்தால் எதுவும் மோசமில்லை. ஆனால் ஆளுக்கொரு சேவரியை மனதில் வைத்துக்கொண்டு சொல் தேடுகிறோம், அதனால்தான் ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் பொருந்தாமல் போகிறது. என் கட்சி இதுதான்: ஒற்றைச் சொல் வேண்டாம். இடத்துக்கு ஒரு சொல் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது.

முதலில் ஆங்கிலத்தில் அது என்ன பாடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். வேர் லத்தீன் சபேரே. அதற்குச் சுவைத்தல் என்றும் பொருள், அறிவுடன் இருத்தல் என்றும் பொருள். ஹோமோ சேப்பியன்ஸில் இருக்கும் சேப்பியன்ஸ் அதே வேர்தான், உப்புச்சப்பில்லாததைச் சொல்லும் இன்சிப்பிட்டும் அதே வேர்தான். (நம் 'சப்பென்று' என்பதையும் இதோடு முடிச்சுப் போட்டு யாரும் தனி இழை தொடங்கிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.) பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்கு வெறுமனே ருசியான, மணமான என்றுதான் பொருள். 1611இல் வந்த ஆங்கில விவிலியத்தில் கண் மங்கிய ஈசாக்கு தன் மூத்த மகனிடம் வேட்டையாடி வந்து சமைத்துத் தரச் சொல்லும் இடத்தில் சேவரி என்ற சொல்தான் இருக்கிறது. தமிழ் விவிலியத்தில் அந்த இடத்தில் 'ருசியுள்ள பதார்த்தங்கள்' என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் பொருளுக்கு அது கச்சிதம். ஐயாவின் நறுஞ்சுவையும் இந்தப் பழைய பொருளுக்குத்தான் பொருந்தும். செயலியில் முறுக்குப் படத்துக்கு மேலே நறுஞ்சுவை என்று போட்டால், அப்படியானால் பக்கத்தில் இருக்கும் லட்டு மட்டும் என்னவாம் என்று கேட்பார்கள்.

இனிப்பில்லாதது என்ற பொருள் அதற்குப் பிறகு ஏறியது. பிரிட்டிஷ் விருந்துகளில் கடைசியாக, இனிப்புக்கும் பிறகு, ரொட்டியில் உருக்கிய பாலாடைக்கட்டியோ நெத்திலி மாதிரியான உப்பு மீனோ வைத்துச் சிறிதாக ஒன்று கொடுப்பார்கள், அதற்கும் சேவரி என்றே பெயர். போதாக்குறைக்குப் புதினா குடும்பத்தில் சேவரி என்று ஒரு மூலிகை வேறு இருக்கிறது. அதன் லத்தீன் பெயர் சதுரேயா, சபேரேயிலிருந்து வந்ததல்ல. ஜெர்மன்காரர்கள் அதை பீன்ஸ் மூலிகை என்கிறார்கள். மசாலா பாக்கெட்டில் இந்தப் பெயரைப் பார்த்துவிட்டு யாராவது 'காரம்' என்று மொழிபெயர்த்தால் கதை முடிந்தது. செடிக்கு ஒலிபெயர்ப்பே போதும்.

சரி, தம்பிக்கு வேண்டியது கடைப் பொருள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வகைப்பாட்டிலேயே உடனே சாப்பிடத்தக்க சேவரிகள் என்று தனிப் பிரிவு இருக்கிறது. இதற்கு நம் கடைப் பலகைகள் எப்போதோ தீர்வு கண்டுவிட்டன: இனிப்பு, கார வகைகள். கல்லாவில் நின்று 'ஸ்வீட் அரைக் கிலோ, காரம் அரைக் கிலோ' என்று சொன்னால் யாரும் முழிக்க மாட்டார்கள். இந்தக் காரத்துக்கு மிளகாய் கட்டாயமில்லை என்பதுதான் இதில் அழகு. ஓமப்பொடியில் என்ன காரம் இருக்கிறது? வெண்ணெய் முறுக்கு? கைமுறுக்கு? மூன்றும் காரத் தட்டில்தான் இருக்கும். ஆக, காரம் என்ற சொல் சேவரி போலவே நாக்கை விட்டுவிட்டுத் தட்டுக்குப் பெயராகிவிட்டது. அக்கா சொன்ன கார்ப்பு அப்படி நகரவில்லை. அது இன்னும் மிளகு மிளகாயின் சுவைக்குத்தான் பெயர், அதனால் ஓமப்பொடியை அதில் அடக்க முடியாது.

'காரம் என்றால் வேதியியல் குழப்பம் வரும்' என்று ஒருவர் எழுதியிருந்தார். குழப்பம் உண்மையிலேயே உண்டு, ஆனால் அது ஏற்கெனவே இருப்பது. அப்பளக் காரம் உறைக்காது, வெங்காரம் உறைக்காது, சவர்க்காரத்தில் இருப்பதும் இதே காரம்தான், வடமொழி க்ஷாரம். தமிழ்நாட்டுப் பாடநூலில் அமிலத்துக்கு எதிர்ப்பக்கம் இருப்பது காரம், இலங்கைப் பாடநூலில் அதற்கு மூலம் என்று பெயர், நீரில் கரையும் மூலத்தை மட்டும் காரம் என்பார்கள். இவ்வளவுக்கும் நடுவில் யாராவது மிக்சர் பொட்டலத்தை வாங்கி லிட்மஸ் தாளில் வைத்துப் பார்த்திருக்கிறார்களா? சூழல் பார்த்துக்கொள்ளும்.

எனக்கு உண்மையில் இடிப்பது வேறு. யாழ்ப்பாணத்தில் மிளகாயின் சுவைக்கு உறைப்பு என்பதுதான் வழக்கு. ரோல்ஸ், பற்றீஸ், கட்லட் எல்லாவற்றுக்கும் சேர்த்து இலங்கையில் ஷோர்ட் ஈட்ஸ் என்கிறார்கள். அவற்றை அடுக்கி வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் 'கார வகைகள்' ஒட்டுமா? பலகாரம் என்று போடலாமே என்றால் அதில் இனிப்பும் அடங்கிவிடும்.

அடுத்தது சமையல் குறிப்பு. இங்கே காரமும் வேண்டாம் என்பேன். வீட்டில் வெல்லத்துக்கு எதிர்ச்சொல் உப்புதான். வெல்லச் சீடை, உப்புச் சீடை. காரடையான் நோன்புக்கு வெல்ல அடை, உப்பு அடை. பூரணக் கொழுக்கட்டை, உப்புக் கொழுக்கட்டை. மிளகாய் தாளித்துக் கொட்டினால் மட்டும் காரக் கொழுக்கட்டை, காரப் பணியாரம். சேவரி பை (pie), சேவரி மஃபின் என்று வருவதையெல்லாம் உப்பு பை, உப்பு மஃபின் என்று போட்டுப் பாருங்கள், முதலில் சிரிப்பு வரும், பிறகு பழகிவிடும். உப்பு பிஸ்கட் பழகவில்லையா? கரிப்பு, உவர்சுவை இரண்டும் இதற்கு உதவாது. குழம்பு கரிக்கிறது என்றால் உப்பு கூடிப்போச்சு என்று அர்த்தம், அதைக் கொண்டுபோய் உணவின் தலைப்பாக வைக்க முடியுமா? இன்னொன்று, பல இடங்களில் இந்த அடைமொழியே தேவைப்படாது. நமக்குச் சோறும் பொங்கலும் இனிப்பில்லாமல் இருப்பதுதான் இயல்பு, இனித்தால்தான் சர்க்கரைப் பொங்கல் என்று தனியாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று சேவரி பொங்கலை உப்புப் பொங்கல் ஆக்காதீர்கள், அது வெண்பொங்கல்.

கடைசியாக அறிவியல் சேவரி, அதாவது உமாமி என்ற தனிச் சுவை. இன்சுவை என்றால் அது இனிப்போடு போய் ஒட்டிக்கொள்ளும், எனவே வேண்டாம். தோக்கியோவில் வேதியியல் பேராசிரியராக இருந்த கிகுனே இகெதா 1908இல் கொம்பு என்ற கடற்பாசியின் சாற்றிலிருந்து குளுட்டமேட் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு வைத்த பெயர் உமாமி. ஜப்பானிய மொழியில் ருசியாக இருப்பது என்ற அளவில்தான் பொருள். மறுவருடமே குளுட்டமேட் உப்பு அஜினமோட்டோ என்று கடைக்கு வந்துவிட்டது, நம் ஊரில் பொருளுக்கே அதுதான் பெயர். 1913இல் அவருடைய மாணவர் கொதாமா, காய்ந்த சூரை மீனில் இருக்கும் இனோசினேட் என்ற வேதிப்பொருளும் இதே சுவைதான் என்று காட்டினார். அந்த ஜப்பானியக் கருவாடும் நாம் சம்பலில் இடித்துப் போடும் மாசிக் கருவாடும் நெருங்கிய உறவு: சூரையை வேகவைத்து, புகையூட்டி, கட்டை போலக் காயவைப்பது. அதனால் மாசிச்சுவை என்று ஒரு சொல் மனதில் வந்தது, எனக்குப் பிடித்தும் இருக்கிறது, ஆனால் தக்காளிக்கும் காளானுக்கும் அதைச் சொல்லச் சைவக்காரர்கள் விடமாட்டார்கள். உமாமி என்றே வைத்துக்கொள்வோம், உலகம் முழுக்க அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 'ஐந்தாவது சுவை' என்று எழுதாதீர்கள். அறுசுவை என்று சொல்லி வளர்ந்தவரிடம் ஐந்தாவதாக ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றால் அவர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். அறிவியல் கணக்கில் கார்ப்பும் துவர்ப்பும் அடிப்படைச் சுவைகள் அல்ல. துவர்ப்பைப் பெரும்பாலும் தொடு உணர்வாகவே எடுத்துக்கொள்கிறார்கள். மிளகாய் தூண்டுவதோ சூட்டையும் வலியையும் உணரும் நரம்பை. அந்த நரம்பில் மிளகாயை உணரும் ஏற்பியை 1997இல் டேவிட் ஜூலியஸ் குழு கண்டறிந்தது, 2021இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆறில் இரண்டு போக நான்கு, அதனால்தான் அவர்களுக்கு உமாமி ஐந்தாவது. கட்டுரையில் இந்தக் கணக்கை ஒரு வரியில் சொல்லிவிட்டு எழுதுங்கள், அல்லது எண்ணே போடாதீர்கள்.

ஆக தம்பி, செயலியின் பொத்தானுக்குக் 'கார வகைகள்', குறிப்புகளில் 'உப்பு' முன்னொட்டு, சத்துணவுக் கட்டுரைகளில் உமாமி. ஐயா மறுப்பு எழுதுவார் என்று தெரியும், எழுதட்டும். அதற்குமுன் இலங்கை நண்பர்கள் யாராவது அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு என்ன போடலாம் என்று சொல்லுங்கள். இலங்கைப் பதிப்புக்குத் தனிச் சொல் வைக்கச் செயலியில் வழி இருக்கிறதா என்று தம்பியும் பார்த்துச் சொல்லவும்.